பெஸ்ட்டுக்கு மேல ஒண்ணுமில்ல

பெஸ்ட் என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருப்பார். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருந்த மலை முன்னேற்ற ஆபீஸ். நான் அங்கே ஜீப் டிரைவர், பேர் சந்தியாகப்பன். வாத்தியார் சொல்லிக் கொடுத்தது பரீட்சையோடு மறந்துபோகும். ஆபீஸ் சொல்லிக் கொடுத்தது இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பொறுமையாகச் சொல்லத்தான் பார்க்கிறேன். நடுவில் ஒரு வார்த்தை தடித்து வந்துவிட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வாக்கில் நடந்தது. எங்கள் ஆபீசர் கோபால்சாமி. சபாரி சட்டை, பையில் இரண்டு பேனா, வாயைத் திறந்தால் பெஸ்ட். டீ வந்தால் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு "பெஸ்ட்" என்பார். அந்த டீயைக் குடித்த வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. சுவரில் கடிகாரம் நின்றுபோய் மாதக்கணக்காகிவிட்டது, ஆனால் அது பெஸ்ட் கம்பெனி கடிகாரம் என்பதால் ரிப்பேருக்குக் கொடுக்க விடவில்லை. வருஷா வருஷம் பெஸ்ட் பியூன் என்று ஒரு சான்றிதழ் கொடுப்பார். இருந்தது ஒரே பியூன், அவனே வருஷா வருஷம் வாங்கிக்கொண்டு கைதட்டிக்கொள்வான். பெஸ்ட் டிரைவர் நான். ஜீப்பில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை சார் என்று ஒருநாள் போய் நின்றேன். "பெஸ்ட் டிரைவருக்கு எதுக்குய்யா பிரேக்கு?" என்றார். நான்கூடச் சிரித்துவிட்டு வந்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த ஆபீசுக்கு வாராவாரம் மலையிலிருந்து இறங்கி வருவான் சடையன். ஊர் கடுக்காமரத்தூர். கொஞ்சம் சாமை, கொஞ்சம் தினை, இரண்டு புளியமரம், அவ்வளவுதான் அவன் ஆஸ்தி. வந்தால் உள்ளே போகக் கூச்சப்பட்டுக்கொண்டு ஜீப் நிழலில் குந்திக்கொள்வான். பேச்சு வெகு குறைவு. நானாகக் கேட்டுக் கேட்டுத்தான் அவன் கதையைத் தெரிந்துகொண்டேன்.

ஜீப் போகிற பாதை கானாற்றோடு நின்றுவிடும். ஊர் அந்தக் கரையில். ஒரு இடத்தில் ஆற்றுக்குள் இரண்டு பெரிய பாறைகள் எதிரெதிராக நீட்டிக்கொண்டிருக்கும், நடுவில் ஒரு சந்து. வெயில் காலத்தில் முழங்கால் தண்ணீர், இறங்கி ஏறிவிடலாம். மழை பிடித்தால் மொத்த ஆறும் அந்தச் சந்தில்தான் சீறிக்கொண்டு ஓடும். தனி ஆள் தைரியம் இருந்தால் தாண்டிக் குதிக்கலாம். ஆளை மூங்கில் டோலியில் தூக்கிக்கொண்டு யார் குதிப்பது? போன ஐப்பசியில் சடையன் பெண்டாட்டி கெங்கம்மாளுக்கு வலி வந்து, டோலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பாறை வரைக்கும்தான் வர முடிந்தது. தண்ணீர் வடியட்டும் என்று அங்கேயே காத்துக் கிடந்தார்கள்.

"பாற மேலயே பொறந்துச்சிங்க. பாற மேலயே போய்ட்ச்சி. அவளுக்கு மூஞ்சிகூட சரியா காட்டலீங்க" என்றான் சடையன்.

இப்போது அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். மறுபடியும் ஐப்பசியில்தான் கணக்கு. சடையன் பெரிய பாலம் ஒன்றும் கேட்கவில்லை. ஆபீசுக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்த தண்டவாளத் துண்டுகள் இரண்டைத்தான் கேட்டான். அதைப் பாறைக்குப் பாறை போட்டுவிட்டால் மேலே பலகை அடிப்பதை ஊரே பார்த்துக்கொள்ளும். தூக்கிக்கொண்டு போவதும் அவர்களே. கவர்ன்மெண்ட் குனிந்துகூட எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

"அது வேற வேலைக்கு ஒதுக்கி வெச்சிருக்கு" என்றார் கோபால்சாமி. என்ன வேலைக்கு என்று ஆபீசில் ஒருத்தருக்கும் தெரியாது. அதன் மேல் ஆடு ஏறி நிற்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. மலையில் பெஸ்ட் வில்லேஜ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அறிவிக்க வேண்டும். எதில் பெஸ்ட், எதைவிட பெஸ்ட் என்று உத்தரவில் இல்லை. கோபால்சாமிக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. "ஒவ்வொரு ஊரா பாத்துக்கினு இருந்தா எப்படிய்யா பெஸ்ட்ட கண்டுபிடிக்கிறது? ஒரு ஊரப் பாத்தா போதும், தெரிஞ்சிடும்" என்றார். வெளியே வந்து சடையனைப் பார்த்தார். "நானே நேர்ல வந்து பாக்கறேன்யா உன் ஊர" என்றார். சடையன் அப்படியே காலில் விழுந்துவிட்டான். பாலம் போடுகிற இடத்தைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டான் பாவம்.

இப்போது அந்த மலை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு ஊருக்குப் பெரிய விருந்தாளி வருகிறார் என்றால், சுற்றி இருக்கிற ஊர்க்காரர்கள் எல்லாம் தங்கள் வீட்டு நல்ல கட்டில், பித்தளைப் பாத்திரம், தானியக் கூடை, கறவை மாடு என்று எல்லாவற்றையும் அந்த ஊருக்கு அனுப்பி வைப்பார்கள். விருந்தாளிக்கு முன்னால் ஒரு ஊர் காலியாக நின்றால் மலைக்கே அவமானம். விருந்தாளி போனதும் அவரவர் பொருள் அவரவர் வீட்டுக்குப் போய்விடும். எனக்கு அன்றைக்கு இது தெரியாது. கோபால்சாமிக்குத் தெரிந்துகொள்கிற அவசியம் என்றைக்குமே இருந்ததில்லை.

நாங்கள் போன அன்று ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்குக்கூட இல்லை. இருந்தாலும் விருந்தாளி கால் நனையலாமா? டோலிக்கு மாவிலை கட்டி, மேலே புதுப் போர்வை விரித்து, நாலு பேர் காத்திருந்தார்கள். கெங்கம்மாளைத் தூக்கி வந்த அதே டோலிதான். கோபால்சாமி ஏறி உட்கார்ந்துகொண்டார். சந்துக்கு நேராக வரும்போது சடையன் பக்கத்தில் ஓடி ஓடி, "சாமி, இதான் அந்த எடம், இந்தாண்டதான்" என்று கையைக் காட்டினான். ஆபீசர் கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டே போனார். இறங்கியதும் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். "ஒரு சொட்டு படலய்யா! போக்குவரத்து பெஸ்ட்" என்று என்னிடம் சொன்னார்.

ஊருக்குள் போனால் வீட்டுக்கு வீடு கயிற்றுக் கட்டில். வாசலுக்கு வாசல் கறவை மாடு. பக்கத்து ஊர்களிலிருந்து சமைக்க வந்த பெண்கள் கொழுகொழுவென்று பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். "பால் வளம் பெஸ்ட். குழந்தை வளம் பெஸ்ட்" என்று கோபால்சாமி சொல்லிக்கொண்டே நடந்தார். சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, தேன், பலாச்சுளை என்று இலை நிறைய வைத்தார்கள். தின்றார், மறுபடி தின்றார். எனக்கு ஒரு மாட்டைப் பார்த்ததும் சந்தேகம். ஆற்றைத் தாண்டி ஊருக்கு வரும் வழியில் ராணியம்மாள் என்று ஒரு பக்கத்து ஊர்க்காரி அதை ஓட்டிக்கொண்டு எங்களுக்கு வழிவிட்டு நின்றாளே, அதே மாடு.

"சடையா, இது உங்க ஊரு மாடா?" என்று காதோடு கேட்டேன்.

"இல்லீங்ண்ணா. ராணியம்மா வூட்டு மாடு. விருந்தாளி வர்றப்ப வூட்ட காலியா காட்டலாங்களா?"

"டேய், நீ பாலம் கேக்கறவன்டா. இல்லாததத்தான்டா அவருக்குக் காட்டணும்!"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். வந்தவருக்கு முன்னால் இல்லை என்று கை விரிப்பதா? அந்த மாதிரி ஒரு கேவலத்தை அவன் கேள்விப்பட்டதே இல்லை. வயிறு நிறைந்த கோபால்சாமி ராணியம்மாள் அனுப்பிய கட்டிலில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். பாறைக்குப் போகலாங்க சாமி என்று சடையன் கும்பிட்டான். "அதெல்லாம் டோலியில வரும்போதே பாத்தாச்சிய்யா" என்றார்.

ஆடி மாதம் கடுக்காமரத்தூர் பெஸ்ட் வில்லேஜ் ஆனது.

விழாவுக்கு மெட்ராசிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். கட்டில்களும் மாடுகளும் மறுபடி வந்தன. ஊர் நடுவே நடுவதற்கு ஒரு பெரிய இரும்பு போர்டு, நீலத்தில் வெள்ளை எழுத்து. அதற்கு இரண்டு கால். கால் என்ன தெரியுமா? ஆபீசுக்குப் பின்னால் கிடந்த அதே இரண்டு தண்டவாளத் துண்டு! ஒதுக்கி வைத்த வேலை கிடைத்துவிட்டது. நூறு வருஷம் ஆடாது என்று கோபால்சாமிக்குப் பெருமை. அதைக் கானாற்றைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனது யார்? கடுக்காமரத்தூர் ஆட்கள்தான், தோளில் சும்மாடு வைத்து, முக்கி முனகி. சந்துக்கு நேரே வரும்போது சடையன் நின்றான்.

"டைவரண்ணா, இது நாங்க கேட்டதுதானே?"

"ஆமாண்டா."

"இங்கயே எறக்கிட்டா ஆச்சே."

அவன் தோளை மாற்றிக்கொண்டு நடந்தான்.

மெட்ராஸ் அதிகாரி பேசினார். அந்தப் பேச்சை நான் மறக்கவே மாட்டேன். "இந்த ஊரில் மின்சாரம் கிடையாது. ஆகவே இன்றுவரை ஒரு மின்சார விபத்துகூட இல்லை. ரோடு கிடையாது. ஆகவே ரோடு விபத்தும் இல்லை. மிக முக்கியமாக, இந்த ஊரில் ஆஸ்பத்திரி கிடையாது. எங்கள் பதிவுகளின்படி இங்கே எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு உயிர்கூடப் போனதில்லை. எந்த வசதியும் கேட்காமல் இருப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. மற்ற ஊர்களும் இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்!" கைதட்டல். முன்வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் தட்டுகிறார்களே என்று அவளும் தட்டினாள்.

கூட்டம் முடிந்ததும் சடையன் கோபால்சாமியிடம் போனான். "பெஸ்டுன்னா இன்னாங்க சாமி?"

ஆபீசருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மூணு படி வெச்சிக்கோ. மொதப் படி குட்டு. அதுக்கு மேல பெட்டரு. அதுக்கு மேல பெஸ்ட்டு. நீங்க இப்ப மூணாவது படியில நிக்கறீங்க. பெஸ்ட்டுக்கு மேல ஒண்ணுமில்ல."

"செரிங்க. அப்ப அந்தப் பாலம்?"

"அட இவன! பாலம்ன்றது முன்னேற்றம். கீழ நிக்கறவன்தான்யா முன்னேறணும். உச்சியில ஏறி உக்காந்தவன் எங்கய்யா முன்னேறுவான்? பாலம் இல்லாமலே பெஸ்ட்டு ஆயிட்டீங்களே, அப்புறம் எதுக்குப் பாலம்?"

சடையன் அந்த போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, இரவல் கட்டில் ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. வாரம் ஒருமுறை மலையேறி வந்து கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டுப் போகிற நர்ஸ் பிலோமினாள், எங்கள் கோயில் தெருக்காரி, தங்கமான பெண், அவளை இனி கடுக்காமரத்தூருக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெஸ்ட் ஊரில் நர்ஸ் நடமாடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பிள்ளைகளுக்கு வந்த பால் பவுடர் நின்றது. இத்தனை மாடு இருக்கிற ஊருக்குப் பால் பவுடரா?

அந்த மாடுகளாவது திரும்பிப் போயினவா? அதுவும் இல்லை. விழா முடிந்த மறுநாள் ராணியம்மாள் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியில் ஆபீஸ் வாட்ச்மேன் மறித்தான். பெஸ்ட் வில்லேஜிலிருந்து மாடு வெளியே போனால் ஊர் தரம் இறங்கிவிடும், அடுத்த உத்தரவு வரைக்கும் ஒரு மாடும் ஊரைத் தாண்டக்கூடாதாம். "என் மாடுய்யா, நான் கண்ணுக்குட்டியிலேந்து வளத்த மாடுய்யா" என்று அவள் கத்தினாள். "ஆபீசரே இதக் கடுக்காமரத்தூர் மாடுன்னு சொல்லிட்டாரும்மா" என்றான் அவன். தினமும் காலையில் அவள் அங்கே நடந்து வந்து, தன் மாட்டுக்குப் புல் போட்டு, கறந்துகொண்டு போனாள். போகும்போது ஊரையே திட்டிக்கொண்டு போவாள்.

பிறகு வேடிக்கை பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெஸ்ட் வில்லேஜை நேரில் பார்த்துப் பாடம் கற்றுக்கொள்ள மற்ற ஆபீசுகளிலிருந்து அதிகாரிகள், அதிகாரிகளின் மனைவிமார், மச்சினன்மார். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போவது நான்தான். வருகிறவன் எல்லாம் விருந்தாளி. எல்லாருக்கும் டோலி, எல்லாருக்கும் கோழி. ஒரு அம்மா டோலியில் போகும்போது "எவ்ளோ ஜாலியா இருக்கு! பாலம் கீலம் கட்டிக் கெடுத்துடாதீங்க" என்றார். ஆவணி முடிவதற்குள் ஊரில் சேவல் கூவுகிற சத்தமே நின்றுபோனது. விதைக்கு வைத்திருந்த சாமையையும் குத்திப் பொங்கிப் போட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி கெங்கம்மாள் அடுப்படியிலிருந்து வந்து எனக்கும் சோறு வைத்தாள். அவள் மணிக்கட்டு குச்சியாகிவிட்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

புரட்டாசியில் சடையன் ஆபீசுக்கு வந்தான். இந்தத் தடவை நேரே உள்ளேயே போய்விட்டான்.

"சாமி, எங்க ஊர கொஞ்சம் கீழ எறக்கி வையுங்க. பெட்டர்லயாவது போடுங்க. அதுவும் ஆவாதுன்னா அந்த மொதப் படியிலகூட நின்னுக்கறோம்."

கோபால்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "பெஸ்ட்டுன்னு சொன்னத எறக்கினா இன்னாய்யா அர்த்தம்? நான் சரியா பாக்கலன்னு அர்த்தம். மெட்ராஸ்காரர் சரியா பேசலன்னு அர்த்தம். உன் ஊரு எப்படி இருந்தாலும் பரவால்ல, அது பெஸ்ட்டா இருந்துதான் ஆகணும். வேணும்னா உன்னைவிட பெஸ்ட்டா ஒரு ஊரக் காட்டு, மாத்திடறேன்."

சடையன் அதையும் நம்பி ஊர் ஊராகப் போனான். கொஞ்ச நாளைக்கு இந்த பெஸ்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினான். ஒருத்தரும் கிட்டே சேர்க்கவில்லை. "எம் மாட்டப் புடிச்சி வெச்சிக்கினது பத்தாதா? அந்தச் சனியனயும் எங்க தலையில கட்டப் பாக்கறியா? எட்டப் போ!" என்று ராணியம்மாள் விளக்குமாற்றைத் தூக்கிவிட்டாளாம்.

ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. அப்படியும் பார்வையாளர்கள் விடவில்லை. ஒரு நாள் காலையில் கோபால்சாமியையும் வெளியூர் அதிகாரிகள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு கானாற்றங்கரைக்குப் போனேன். செந்தண்ணீர் பாறைச் சந்தில் இரைந்துகொண்டு ஓடியது. இவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கரையில் நின்றார்கள். அப்போது அந்தக் கரையில் டோலி வருவது தெரிந்தது.

"பாத்தீங்களா! சொல்லியே அனுப்பல. மழையில டோலி வருது பாருங்க. இதுக்குத்தான் பெஸ்ட்டுன்னு பேரு!" என்று கோபால்சாமி குதித்தார். பூட்ஸ் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாரானார்.

டோலிக்குள் இருந்தது கெங்கம்மாள். அவள் அலறியது தண்ணீர் இரைச்சலையும் மீறி எங்களுக்குக் கேட்டது. போன வருஷம் இறக்கிய அதே பாறையில் அவளை இறக்கினார்கள். சடையன் தண்ணீரைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். பிறகு ஊரைப் பார்க்கத் திரும்பி ஓடினான். கூடவே ஆட்களும் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்கள், போர்டோடு. நூறு வருஷம் ஆடாத போர்டை ஆட்டிப் பிடுங்கிவிட்டார்கள். தண்டவாளக் கால்கள் முன்னால், நீலத் தகடு பின்னால், அப்படியே தோளில் வைத்துக் கொண்டுவந்து, ஒருத்தன் இந்தப் பக்கம் தாண்டிக் குதித்துக் கயிறு போட்டு இழுக்க, பாறைக்குப் பாறை போட்டார்கள். உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. அளவெடுத்துச் செய்தது போல.

"டேய்! அரசாங்க சொத்துடா! எழுத்து கீழ பாத்து இருக்குடா!" என்று கோபால்சாமி கத்தினார். கத்திக்கொண்டே போய் தண்டவாளம் வந்து முடிகிற இடத்தில் குறுக்கே நின்றுகொண்டார். அந்த முனையிலிருந்து கெங்கம்மாளை நடுவில் வைத்து அடிமேல் அடியாக வந்துவிட்டார்கள். சடையன் முன்னால் வந்தான்.

"தள்ளுங்க சாமி."

"யாரக் கேட்டுப் புடுங்கினே?"

"தள்ளுய்யா!" என்றான் சடையன். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. ஆபீசர் தானாக நகர்ந்துவிட்டார்.

நான் ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டேன். பொம்பளையை ஏற்றி, சடையனும் ஏறினான். "சந்தியாகப்பா, இது ஆபீஸ் ஜீப்பு! நாங்க எதுல போறது? நிறுத்துய்யா!" என்று கோபால்சாமி பின்னாலேயே ஓடி வந்தார். வெளியூர் அதிகாரிகளும் குடையோடு ஓடி வந்தார்கள்.

"பிரேக்கு புடிக்கலீங்க சார்!" என்று கத்தினேன். நிறுத்தவில்லை.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் பிலோமினாள் கையில் பெண் குழந்தை பிறந்தது. முழு மூச்சாக அழுதது. சடையன் ஆஸ்பத்திரிச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம்.

இதோடு விட்டார்களா? கார்த்திகையில் குழந்தையோடு கெங்கம்மாள் ஊர் திரும்பின பிறகு, பெஸ்ட் போர்டை அதன் இடத்தில் நட்டாக வேண்டும் என்று கோபால்சாமி கிளம்பினார். நான் ஜீப்பைக் கரையில் நிறுத்தி, அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். மழை விட்டு விட்டுப் பெய்தது, சந்தில் ஆறு அப்படியேதான் ஓடியது. தண்டவாளத்தின் மேல் ஊர்க்காரர்கள் பலகை அடித்திருந்தார்கள். அவர் அதன் மேல்தான் நடந்துபோனார், கால் நனையாமல். அந்தப் பக்கம் போய் நின்று, "இதப் புடுங்குங்கய்யா" என்றார்.

ஊர்க்காரர்கள் வேலையில் இறங்கினார்கள். பலகையைக் கழற்றினார்கள். தண்டவாளத்தை எடுத்தார்கள். ஊர் நடுவே பள்ளம் தோண்டி, போர்டை நேராக நட்டு, மண்ணைக் கெட்டித்தார்கள். நீலத்தில் வெள்ளை எழுத்து பளிச்சென்று நின்றது. "இப்பதான் பெஸ்ட்டு" என்று கையைத் தட்டிவிட்டுக்கொண்டு கோபால்சாமி திரும்பினார். அப்புறம்தான் அவருக்கு ஆறு ஞாபகம் வந்தது.

"டோலி எடுத்தாங்கய்யா."

டோலி வந்தது. மாவிலை கட்டி, போர்வை விரித்து. ஏறி உட்கார்ந்துகொண்டார். தூக்குவதற்கு யாரும் வரவில்லை. எல்லாரும் சுற்றிக் குந்திக்கொண்டார்கள்.

"தூக்குங்கய்யா, ஜல்தி. நேரமாவுது."

"எங்க போறீங்க சாமி?" என்று சடையன் கேட்டான்.

"எங்கயா? கீழதான்!"

"கீழ எதுக்குங்க போறீங்க? இது பெஸ்ட்டு ஊரு. இதுக்கு மேல ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க. இங்கயே இருங்க."

ஆபீசர் சிரித்துப் பார்த்தார். மிரட்டிப் பார்த்தார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். போலீஸ் எப்படி ஆற்றைத் தாண்டும் என்று ஒருத்தன் சந்தேகம் கேட்டான். "சந்தியாகப்பா, நீ சொல்லுய்யா" என்று என்னைப் பார்த்தார். "நான் தனியா எப்படி சார் தூக்கறது?" என்றேன். சாப்பாட்டு நேரம் வந்தது. விருந்தாளியைப் பட்டினி போடுவார்களா? டோலிக்கே இலை வந்தது. சாமைச் சோறு, கடைசிக் கோழி. எனக்கும் வைத்தார்கள், நான் நன்றாகவே சாப்பிட்டேன். ராணியம்மாள் வந்து தன் மாட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அவர் கண்ணெதிரே ஓட்டிக்கொண்டு போனாள். மறிக்க வாட்ச்மேன் இல்லை, அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

மழை மறுபடி பிடித்தது. மாவிலையிலிருந்து தண்ணீர் அவர் தலையில் சொட்டியது.

"யோவ், எனக்கு சுகர் இருக்குய்யா. மாத்திரை கீழ இருக்குய்யா. ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா எப்படிய்யா ஆஸ்பத்திரி போறது?"

"அதத்தாங்க நாங்களும் கேட்டுக்கினு இருந்தோம்" என்றான் சடையன். "இந்த ஊர்ல ஆஸ்பத்திரில ஒரு உயிரும் போனதில்லீங்களாமே. பயப்படாதீங்க."

கோபால்சாமி டோலியிலிருந்து எழுந்துவிட்டார். நனைந்த சபாரி உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது பெஸ்ட்டு இல்லய்யா! ஒரு பாலம்கூட இல்லாத ஊரு இன்னாய்யா பெஸ்ட்டு? இது மகா மோசமான ஊருய்யா! போதுமா? அந்தத் தண்டவாளத்தப் புடுங்கி ஆத்து மேல போடுங்கய்யா!"

"டைவரண்ணா, கேட்டுக்கினீங்களா?"

"கேட்டுக்கினேன்டா."

உடனே எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நட்ட மண் ஈரமாக இருந்ததால் போர்டு சுலபமாக வந்துவிட்டது. இந்தத் தடவை தகட்டைத் தனியாக அடித்துக் கழற்றி ஓரமாகப் போட்டார்கள். தண்டவாளத்தைப் பாறைக்குப் பாறை வைத்து, பலகையை இறுக்கி அடித்தார்கள். தூக்கிவிட வந்த ஆட்களிடம் டோலி வேண்டாம் என்று சடையன் சொல்லிவிட்டான். ஆபீசர் தானே நடந்தார், பலகையைப் பிடித்துப் பிடித்து.

பாறை மேல் கெங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, மடியில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் பிள்ளை போன அதே இடம். கோபால்சாமி அவளைத் தாண்டிப் போகும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் குழந்தையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தாண்டிப் போனதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.